நோட்டீஸில் மூன்று பெயர்கள்

தென் மாவட்டங்களில் பேருந்து நிலையச் சுவர்களில் அடிக்கடி பார்க்கிற நோட்டீஸ்தான். மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கமும் ஊர் அரிமா சங்கமும் அரவிந்த் கண் மருத்துவமனையும் இணைந்து நடத்தும் இலவசக் கண் சிகிச்சை முகாம். கீழே பொடி எழுத்தில், தலைக்குக் குளித்துவிட்டு வரவும், ஆதார் நகல் கொண்டுவரவும், அறுவைச் சிகிச்சைக்குத் தேர்வாகிறவர்களுக்குத் தங்குமிடம், உணவு, போக்குவரத்து இலவசம். இதில் முதல் பெயர் அரசினுடையது, இரண்டாவது ஊர்ப் பெரியவர்களுடையது, மூன்றாவது ஓர் அறக்கட்டளையினுடையது. மூன்றும் ஒரே தாளில் வந்து சேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

அரசிடம் கண் மருத்துவம் இல்லாமல் இல்லை. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கப்பட்டது. ஆனால் கண் தெரியாத ஒருவர் கம்பத்திலிருந்தோ விளாத்திகுளத்திலிருந்தோ நகரத்து மருத்துவமனைக்கு வர வேண்டுமானால் கையைப் பிடித்து அழைத்துவர ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அன்றைய கூலி போகும். இதை மதுரை அரசு எர்ஸ்கின் மருத்துவமனையில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. வடமலாபுரத்தில் 1918இல் பிறந்து, முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிய பிறகும் கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டவர். 1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவர். 1960களின் தொடக்கத்தில் கிராம முகாம்களை அவர் ஆரம்பித்தது அரசு ஊழியராக இருந்துகொண்டுதான். பார்வையற்றோர் மறுவாழ்வு மையமும், கண் மருத்துவ உதவியாளர் பயிற்சியும் அந்தப் பணிக்காலத்திலேயே வந்தன. பிற்காலத்தில் அரசு வெளியிலிருந்து கூட்டாளி தேடியபோது கிடைத்தது, தன் மருத்துவமனையிலேயே பழகிய கைதான். தொண்டு நிறுவனங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த அரசுப் பணிக்காலத்தை ஒரு வரியில் தாண்டிவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

அவர் ஓய்வுபெற்ற 1976இல், மதுரையில் ஒரு வாடகை வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் தொடங்கியது. அதே 1976இல்தான் மத்திய அரசு தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தை அறிவித்தது. ஆக, 2026 இரண்டுக்குமே பொன்விழா ஆண்டு.

திட்டம் டெல்லியில் இருந்தது, நோயாளி கிராமத்தில் இருந்தார். இடையில் பணத்தை இறக்கிக் கணக்குக் கேட்க மாவட்ட அளவில் ஓர் அமைப்பு தேவைப்பட்டது. 1990களில் உருவான மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கம் அந்தத் தேவைக்காக வந்தது. தலைவர் மாவட்ட ஆட்சியர். உறுப்பினர்களாக அரசு மருத்துவ அதிகாரிகளும் தொண்டு நிறுவனப் பிரதிநிதிகளும். 1994இல் உலக வங்கிக் கடனுதவியோடு கண்புரைத் திட்டம் தொடங்கியபோது, தேர்வான ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. எட்டு ஆண்டுகளில் 1.1 கோடி அறுவைச் சிகிச்சைகள் இலக்கு, முடிந்தவை 1.5 கோடிக்கும் மேல். பின்னால் இந்தச் சங்கங்கள் தேசிய ஊரக சுகாதாரத் திட்டத்தின் மாவட்ட நலச் சங்கங்களுக்குள் சேர்க்கப்பட்டன. நோட்டீஸில் மட்டும் பழைய பெயரே நிற்கிறது; அச்சகத்தில் பழைய மேட்டர் இருக்கும்போது யார் மாற்றுவார்கள்?

வேலைப் பங்கீட்டைச் சொல்ல வேண்டும். ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்வது, பள்ளிக்கூடமோ திருமண மண்டபமோ பிடிப்பது, வந்தவர்களுக்குச் சோறு போடுவது உள்ளூர் அமைப்பின் வேலை. அரிமா சங்கம் இல்லாத ஊரில் ரோட்டரி, கோயில் கமிட்டி, வணிகர் சங்கம், கல்லூரி. மருத்துவர்கள், செவிலியர், கருவிகள், நோயாளிகளைக் கொண்டுபோய்த் திரும்ப இறக்கிவிடும் பேருந்து மருத்துவமனையின் பொறுப்பு. முன்பு பள்ளி வகுப்பறையிலேயே அறுவைச் சிகிச்சையும் நடந்தது. நோய்த்தொற்று அச்சத்தாலும், கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் முறை வந்ததாலும் அது கைவிடப்பட்டது. முகாமில் பரிசோதனை, மருத்துவமனையில் சிகிச்சை என்று ஆயிற்று. 1992இல் அரவிந்தின் உற்பத்திப் பிரிவான ஆரோலேப் மதுரையில் அந்த லென்ஸைச் செய்யத் தொடங்கியிராவிட்டால், இறக்குமதி விலையில் இலவசம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அரசின் பங்கு, இலவசமாகச் செய்த ஒவ்வொரு கண்ணுக்கும் இவ்வளவு என்று தரும் மானியம். பதினோராவது ஐந்தாண்டுத் திட்டத்தில் 750 ரூபாய், பன்னிரண்டாவதில் 1000, பிறகு 2000. பெயர்ப் பட்டியல் சரிபார்க்கப்பட்ட பின்னரே பணம். அதுவும் சில சமயம் மெதுவாகத்தான் வந்து சேரும். முழுச் செலவுக்கும் அது காணாது. மீதியைக் கட்டணம் கொடுத்துச் சிகிச்சை பெறுவோரின் பணம் தாங்குகிறது. அரசுப் பணத்தை மட்டும் நம்பியிருந்த சிறு அமைப்புகளுக்கு இந்த வசதி இல்லை.

நாட்டில் பார்வையிழப்பு 1970களின் கணக்கெடுப்பில் 1.4 சதவீதம், 2015–19 கணக்கெடுப்பில் 0.36. விழா மேடையில் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துக் கைதட்டல் வாங்குவது எளிது. 2017இல் பார்வையிழப்பின் வரையறையே மாறியது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். முன்பு ஆறு மீட்டர் தூரத்தில் விரல் எண்ண முடியாதவர் பட்டியலில் இருந்தார். இப்போது மூன்று மீட்டர்தான் அளவு. இறக்கம் உண்மை, ஆனால் அதன் ஒரு பகுதி அளவுகோலின் வேலை.

கண்ணுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடும் முறைக்கு இன்னொரு குறையும் உண்டு: வராதவர் அதில் தென்படவே மாட்டார். அரவிந்தின் முகாம் பகுதிகளில் நடந்து 1999இல் வெளியான ஓர் ஆய்வு, கண் கோளாறு உள்ளவர்களில் சுமார் 7 சதவீதம் பேரே முகாமுக்கு வந்தார்கள் என்று காட்டியது. வாசல்வரை போன முகாமே இவ்வளவு பேரைத்தான் தொட்டது. முகாம் ஒரு நாள். அன்று நாற்று நடவு இருக்கலாம், வீட்டில் காய்ச்சல் இருக்கலாம், பயமும் இருக்கலாம். அந்த எண்ணைப் பார்த்த பிறகு, 2004 முதல் சிறு ஊர்களில் நிரந்தரப் பார்வை மையங்கள் வந்தன. பயிற்சி பெற்ற பெண் பரிசோதிப்பார். மருத்துவர் கணினி வழியே நோயாளியோடு பேசுவார்.

இனி வரும் சுமை சர்க்கரை நோயால் கெடும் விழித்திரை. கண்புரை போல ஒருமுறை வந்து, கட்டு அவிழ்த்து, கண்ணாடி வாங்கிக்கொண்டு போகிற நோய் அல்ல அது. ஆண்டுதோறும் வந்து பார்க்க வேண்டும். அதற்கும் கண்நீர் அழுத்தத்துக்கும் கருவிழி மாற்றுக்கும் மானியத்தை அரசு பின்னாளில் நீட்டியது. ஆனாலும் அது சிகிச்சைக்குத்தான். ஒன்றும் தோன்றாதபோதே ஒருவரை ஆண்டுதோறும் அழைத்துவந்து பார்த்தனுப்பும் வேலைக்கு யார், எந்தத் தலைப்பில் பணம் தருவது என்பதை ஆட்சியர் தலைமையிலான கூட்டங்களும் மருத்துவமனைகளும் இன்னும் பேசித்தான் தீர்க்க வேண்டும்.