மலாயா உத்தியோகமும் யாழ்ப்பாணத்து வீடும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ‘மலாயன் பென்சனியர்’ என்றொரு பட்டம் நெடுங்காலம் வழங்கிவந்தது. இளமையிலே கப்பலேறி, முப்பதாண்டளவு புகையிரத நிலையத்திலோ அரசாங்கக் கந்தோரிலோ உழைத்து, தலை நரைத்தபின் ஊர் திரும்பியவரை அப்பட்டம் குறிக்கும். அவருடைய கல்வீட்டைப் பற்றியும், மாதந் தவறாது வந்த ஓய்வூதியத்தைப் பற்றியும் ஊரார் நிறையப் பேசினர். அவர் அக்கரையில் இருந்த ஆண்டுகளில் இக்கரையில் அவ்வீட்டை நடத்தியவர் யார், எவ்வாறு நடத்தினார் என்பது அத்துணை பேசப்படவில்லை.

வறண்ட மண்ணும், மழையை நம்பிய வயலும், பனையும் புகையிலையுமே செல்வமாயிருந்த குடாநாட்டில் ஆங்கிலக் கல்வி முந்தி வேரூன்றியது. 1823இல் அமெரிக்க மிசனாரிமார் வட்டுக்கோட்டையிலே செமினரியைத் தொடக்கினர். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியும், 1890இல் இந்துக் கல்லூரியும் எழுந்தன. கற்றவர் தொகை பெருகிய அளவுக்கு இலங்கையில் உத்தியோகம் பெருகவில்லை. அவ்வேளையில் ஆங்கிலேயர் மலாய் நாடுகளில் ஈயத்தை ஏற்றிச்செல்லப் புகையிரதப் பாதைகளை இடத் தொடங்கினர். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைக்குச் சென்ற எட்டு மைல் நீளமான முதற்பாதை 1885 யூன் முதலாந் தேதி திறக்கப்பட்டது. அதனை அமைத்தவர் இலங்கையிலிருந்து அழைத்துச்செல்லப்பட்ட பயனியர் படையினரே. பின்னர் 1901இல் மலாய்ச் சமஷ்டி நாடுகளின் புகையிரதப் பகுதிக்குத் தலைவரான ஸ்பூனர் என்பவரும் முன்பு இலங்கைப் பொதுவேலைப் பகுதியிற் பணியாற்றியவர். யாழ்ப்பாணத்து இலிகிதரின் எழுத்தையும் கணக்கையும் அறிந்தவர். நிலைய அதிபர், இலிகிதர், அளவையாளர், மருந்துக் கலவையாளர் என்று யாழ்ப்பாணத்தார் அங்கே நிறைந்தமைக்கு இத்தகைய அறிமுகங்களும் காரணமாயின.

முதலிற் சென்றவர் தனியே சென்றனர். ஓரிரண்டு ஆண்டு கழித்து ஊருக்கு வந்து மணமுடித்து, மனைவியையும் உடன்கொண்டு போயினர். கோலாலம்பூரிலே பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் முதலிய இடங்களிற் புகையிரதப் பகுதியாரின் குடியிருப்புகள் எழுந்தன. 1904இல் விவேகானந்த ஆச்சிரமமும் தோன்றிற்று. அங்கேயே பிள்ளைகள் பிறந்தனர். பிள்ளைகள் பள்ளிப் பருவம் எய்திய பின்னர்தான் பல குடும்பங்களில் இரண்டாவது பயணம் நிகழ்ந்தது: தாயும் பிள்ளைகளும் ஊருக்குத் திரும்ப, தகப்பன் மட்டும் கந்தோருக்கு மீண்டான்.

இதற்குக் காரணங்கள் பல. ஊரிலே நல்ல பள்ளிக்கூடங்கள் நடந்து போகுந் தூரத்தில் இருந்தன. ஒரு சம்பளத்தில் இரண்டு அடுப்பு எரிந்தாலும், யாழ்ப்பாணத்து அடுப்புக்கு ஆகுஞ் செலவு குறைவு. பெண்பிள்ளை வளர்ந்தால் சீதனத்துக்குக் காணி வேண்டும். காணி வாங்குவதற்கு ஊரிலே ஒருவர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எத்துணை ஆண்டு இருந்தாலும் மலாயாவை உத்தியோக இடமாகவும் ஊரை வீடாகவும் கருதும் மனம் இருந்தது. 1930ஐ அடுத்த பொருளாதார மந்தத்திலே ஆட்குறைப்பு வந்தபோது, வேலை நிலைத்தவர்களும் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிடுதல் பாதுகாப்பென எண்ணினர்.

மனைவிக்கு இதனால் வாய்த்த வாழ்வு எளிதன்று. மாதந்தோறும் மணியோடர் வரும்; அதனை மாமியார் வீட்டுக்கு இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு என்று பகுத்தல் அவள் பொறுப்பு. கிணறு வெட்டுதல், வேலியடைத்தல், வீட்டுக்கு அத்திவாரமிடல், எல்லை வழக்குப் பேசுதல் என எல்லாம் அவள் கண்காணிப்பிலே நடந்தன. எனினும், 1707இல் ஒல்லாந்தரால் நூல்வடிவு பெற்ற தேசவழமையும், அதனை ஒட்டிய 1911ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டமும் அவள் கையைக் கட்டியிருந்தன. தன் சீதனக் காணியையே விற்பதற்கும் ஈடு வைப்பதற்கும் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். ஆகவே நொத்தாரிசுக்கும் தபாற்கந்தோருக்கும் நல்ல வேலை கிடைத்தது! அற்றோணித் தத்துவத்தை மனைவியின் பெயருக்கு எழுதுவதா, தமையன் பெயருக்கு எழுதுவதா என்பது பல வீடுகளிற் பெரும் பிணக்காயிற்று.

சில ஆண்டுகளுக்கொருமுறை தகப்பனுக்கு நீண்ட லீவு கிடைக்கும். பினாங்கிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் நாலைந்து நாள். 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முற்றுப்பெற்ற பின்னர், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வருதலும் இலேசாயிற்று. பெட்டி படுக்கையுடன் படலைக்குள் நுழையும் மனிதரைக் கண்டு, கடைசிப் பிள்ளை தாயின் சேலைக்குள் ஒளிந்துகொள்ளும். மூத்தவன் காற்சட்டையைச் சரிசெய்துகொண்டு ஆங்கிலத்திலே கேள்விகளுக்கு விடை சொல்வான். பிள்ளைக்குத் தகப்பன் பழகி வருங்காலத்தில் லீவு முடிந்துவிடும். மூத்தவன் சோதனை தேறினால் அடுத்த கப்பலில் அவனும் போவான்; தகப்பனின் மேலதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் முன்னரே எழுதப்பட்டிருக்கும்.

இவ்வொழுங்கு முழுவதும் ஒரே நம்பிக்கையின்மேல் நின்றது. கப்பல் வரும், தபால் வரும் என்பதே அது. 1941 டிசெம்பரில் யப்பானியர் மலாயாவிற் புகுந்தனர். அம்மாதத்திலேயே பினாங்கு வீழ்ந்தது; 1942 சனவரி 11இல் கோலாலம்பூரும், பெப்ரவரி 15இல் சிங்கப்பூரும் அவர் வசமாயின. மணியோடர் நின்றது, கடிதமும் நின்றது. ஏப்ரில் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் குண்டு விழுந்தபோது, போர் எத்துணை அருகில் வந்துவிட்டது என்பது ஊராருக்கு விளங்கியது. கடலுக்கு அப்பால் இருந்தவரின் நிலை விளங்கவில்லை.

மூன்றரை ஆண்டுகள் அவ்வாறு சென்றன. அரிசியும் சீலையும் பங்கீட்டுக்கு வந்த காலம் அது. நாள்தோறும் குங்குமம் இடும் பெண்ணுக்கு, தான் சுமங்கலியோ அன்றோ என்பது தெரியாது. பணத்துக்குக் காணியை ஈடுவைக்கலாமெனின் கணவனின் சம்மதம் எங்கே? கணவனின் இருப்பிடம் அறியப்படாதவிடத்து மாவட்ட நீதிமன்றின் அநுமதி பெறலாம் என்று சட்டம் வழிவிட்டிருந்தது உண்மையே. ஆனால் மன்றிலே நின்று, ‘அவர் எங்கிருக்கிறார் என்பது தெரியாது’ என்று சத்தியஞ் செய்வதிலும் தாலிக்கொடியை அடைவு வைத்தல் எளிது போலும். அக்கரையில் இருந்தோர் பட்டது வேறு வகைத் துன்பம். சயாம்–பர்மா புகையிரதப் பாதைக்கென மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர், அவருட் பெரும்பாலார் தோட்டத் தொழிலாளர், மீளாதோர் மிகப்பலர். கந்தோரிலே தொடர்ந்து இருந்தவருக்குக் கிடைத்த சம்பளமோ யப்பானியர் அச்சடித்த நோட்டு. 1945 செத்தெம்பரில் ஆங்கிலேயர் மீண்டதும், அது வெறுந் தாளாயிற்று.

மீண்டும் தபால் வரத் தொடங்கியபோது சில வீடுகளுக்குக் கடிதம் வந்தது. சில வீடுகளுக்குக் கடிதத்துக்குப் பதிலாகத் தந்தி வந்தது. உயிர் தப்பியவர்கள் இனிக் குடும்பத்தைப் பிரிந்திருப்பதில்லை எனத் துணிந்தனர். அத்துணிவு அவர்களை இருவேறு திசையில் இழுத்தது. ஒருசாரார் ஓய்வுபெற்று ஊரோடு வந்தமர்ந்தனர். மற்றொரு சாரார் மனைவி மக்களை மலாயாவுக்கே அழைத்துக்கொண்டனர்.

அதற்குள் எல்லைகள் இறுகின. 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டப்படி, அதற்கு முன் வெளிநாட்டிலே பிறந்த பிள்ளை வமிசவழிப் பிரசையாவதற்கு, தகப்பனும் தகப்பனுடைய தகப்பனும் இலங்கையிற் பிறந்தவராதல் வேண்டும். அன்றேல் பாட்டனும் பூட்டனும் அவ்வாறு பிறந்திருத்தல் வேண்டும். மலாயாவிலோ, 1957 ஓகஸ்ட் 31இல் சுதந்திரம் வந்தபோது, முன்னரே அங்கு பிறந்திருந்தவர் பிரசையாகப் பதிவு பெறுவதற்கு அங்கு வதிந்த ஆண்டுகளும் கணக்கெடுக்கப்பட்டன. தைப்பிங்கிலே பிறந்து, ஐந்து வயதில் யாழ்ப்பாணம் வந்து, ஊர்ப்பள்ளியிலே படித்த பிள்ளைக்கு அங்கே பிறப்பு இருந்தது, வதிவு இல்லை. இங்கே வதிவு இருந்தது, பிறப்பு இல்லை. இலங்கையிலே பிறந்த அவனுடைய தம்பிக்கு இத்தொல்லை யாதுமில்லை.

பென்சனியர் மலாயாவிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளிலே சீனத்துப் பட்டும் பீங்கானும் இருந்த காலம் ஒன்று. பின்னர் அவற்றின் அடியில் எண்ணெய்த்தாளிற் சுற்றிக் காக்கப்பட்டவை பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள்: பிள்ளைகளுடையவை, தம்முடையவை, கிடைத்தவிடத்துத் தம் தகப்பனாருடையதும்.