செத்தால் செத்ததுதான்

ஒரே ஒரு தப்பான அடி, ஆட்டம் முடிந்தது. சேவ் செய்து வைத்த இடத்துக்குத் திரும்ப வழி கிடையாது. மறுபடி தொடங்கினால் பாதையும் வேறு, புதையலும் வேறு, சாகிற இடமும் வேறு. பாலாட்ரோ, ஹேடஸ், டெட் செல்ஸ் என்று இப்படிப்பட்ட கணினி விளையாட்டுகள் இன்று வரிசைகட்டி நிற்கின்றன. ஆடிப் பழகியவர்கள் இந்தக் கொடுமையைக் கேள்வி கேட்பதே இல்லை. இது யார் மூளையில் உதித்தது என்று விசாரித்தால், பத்து வருடத்துக்குள் முளைத்த ஏதாவது ஒரு சின்னக் கம்பெனியின் பெயரைச் சொல்வார்கள். நானும் பல காலமாக இந்த ரகத்தில் செத்துக்கொண்டிருக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இதன் பூர்வீகம் அமெரிக்காவில் ஒரு நிஜக் குகை.

1972 செப்டம்பரில் கென்டக்கி மாநிலத்தில் ஒரு குழு நிலத்தடியில் தவழ்ந்து போய், ஃப்ளின்ட் ரிட்ஜ் குகைத்தொகுதியும் மாமத் குகையும் உள்ளே ஒன்றோடொன்று இணைகின்றன என்று கண்டுபிடித்தது. உலகின் மிக நீளமான குகை என்ற பெயர் அதற்கு அப்படித்தான் உறுதியானது. அந்தக் குழுவில் இருந்தவர் பட்ரீசியா க்ரௌதர். அவருடைய கணவர் வில் க்ரௌதரும் குகைப் பைத்தியம்தான். வேலை, இணையத்தின் தாத்தாவான ஆர்பாநெட்டுக்கு நிரல் எழுதுவது. பின்னால் இருவரும் பிரிந்தார்கள். வில் குகைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். 1975–76 வாக்கில், தன் இரண்டு மகள்களும் ஆடட்டும் என்று, அந்தக் குகையின் ஒரு பகுதியை அப்படியே எழுத்தில் வடித்து ஒரு கணினி விளையாட்டாக்கினார். படம் கிடையாது. எங்கே நிற்கிறோம் என்று கணினி வர்ணிக்கும். எந்தப் பக்கம் போவது என்று நாம் தட்டச்சு செய்ய வேண்டும். ‘அட்வெஞ்சர்’ பிறந்த கதை இது.

ஸ்டான்ஃபோர்டில் டான் வுட்ஸ் என்ற மாணவரின் கண்ணில் அது பட்டது. விரிவாக்க ஆசை வந்தது, அனுமதி கேட்க ஆசிரியரின் முகவரிதான் தெரியவில்லை. நெட்வொர்க்கில் அப்போது இருந்த ஒவ்வொரு கணினிக்கும் ‘க்ரௌதர்’ என்ற பெயருக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டார். இன்றைக்கு இப்படிச் செய்தால் பெயர் ஸ்பாம். அன்றைக்குப் பதில் வந்தது. 1977-ல் வுட்ஸின் விரிவான பதிப்பு வெளியாகி, அமெரிக்கக் கணினிக்கூடங்களில் பலரை வேலை செய்யவிடாமல் அடித்தது.

அதில் ஒரு குறை உண்டு. குகை மாறாது. ஒருமுறை புதிரை அவிழ்த்துவிட்டால் பிறகு அது பழைய செய்தித்தாள். கலிஃபோர்னியாவில் சாண்டா க்ரூஸ் பல்கலைக்கழக மாணவர்களான மைக்கேல் டாய், க்ளென் விச்மன் இருவரையும் இந்தக் குறை உறுத்தியது. எழுதியவனையே திகைக்க வைக்கும் விளையாட்டு வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அதற்கு நிலவறையைக் கணினியே ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்ட வேண்டும். ஆப்பிள் கணினியில் டான் வொர்த் என்பவர் 1978-லேயே இதைச் செய்து பார்த்திருந்தார். ஆனால் ஊர் பரவியது சாண்டா க்ரூஸ் சரக்குதான். காரணம் ஒரு தற்செயல்.

அப்போது பெர்க்லியில் பில் ஜாய் என்பவர் ‘விஐ’ என்ற எடிட்டரை எழுதியிருந்தார். திரையில் நினைத்த இடத்துக்குக் கர்சரை நகர்த்த அதற்குள் ஒரு துண்டு நிரல் இருந்தது. கென் ஆர்னால்ட் அந்தச் சூட்சுமத்தை எடுத்து, எந்த நிரலும் பயன்படுத்தும்படி ‘கர்சஸ்’ என்ற தொகுப்பாக்கினார். கோப்பு திருத்தப் பிறந்த வித்தையை டாயும் விச்மனும் நிலவறை வரையப் பிடித்துக்கொண்டார்கள். சுவருக்குக் கோடு, தரைக்குப் புள்ளி, நாயகனுக்கு ‘@’. டிராகன் என்றால் ‘டி’, ஜாம்பி என்றால் ‘இசட்’. ஆங்கில அரிச்சுவடி முழுக்க அரக்கர்கள். 26 தளம் கீழே யெண்டார் தாயத்து. எடுத்துக்கொண்டு உயிரோடு மேலே வர வேண்டும். 1980 வாக்கில் வந்த இதன் பெயர் ‘ரோக்’. டாய் பெர்க்லிக்கு இடம் மாற, கர்சஸ் எழுதிய ஆர்னால்டும் கூட்டணியில் சேர்ந்தார்.

சேவ் வசதி ரோக்கிலும் உண்டு. ஆனால் சேவ் செய்ததைத் திறந்த மறுகணம் அந்தக் கோப்பு அழிந்துவிடும். பத்து முறை முயன்று நல்ல முடிவை மட்டும் வைத்துக்கொள்கிற வேலை நடக்காது. முன்பின் தெரியாத பச்சை மருந்தைக் குடிப்பதா வேண்டாமா என்ற யோசனைக்கு ஒரு கனம் வந்தது இதனால்தான். போதாததற்குப் பசி வேறு. சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான். என் தீர்ப்பில் இந்தப் பசிதான் ரோக்கின் மிகப்பெரிய கண்டுபிடிப்பு. அரக்கனிடமிருந்து ஓடலாம், வயிற்றிடமிருந்து ஓட முடியாது.

பெர்க்லி யூனிக்ஸ் இயங்குதளத்தின் 1983-ம் ஆண்டுப் பதிப்பு பல்கலைக்கழகங்களுக்குப் போனபோது ரோக்கும் கூடவே போனது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நால்வர் இதற்கும் முன்பே ரோக்கைத் தானே ஆடுகிற நிரல் ஒன்றை எழுதத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு ‘ரோக்-ஓ-மேட்டிக்’ என்று பெயர். அந்த நால்வரில் ஒருவரான மைக்கேல் மால்டின்தான் 1994-ல் லைகோஸ் தேடுபொறியை உருவாக்கினார். நிலவறையில் புதையல் தேடும் நிரலை எழுதியவர் வலையில் பக்கம் தேடப் போனார்.

விளையாட்டு எங்கும் பரவியது. மூல நிரலை மட்டும் யாருக்கும் தரவில்லை. மாசசூசெட்ஸில் ஜே ஃபென்லேசன் என்ற பள்ளி மாணவர் ரோக்கைப் பார்த்து மயங்கி, நிரலைக் கேட்டார். மறுத்துவிட்டார்கள். பையன் அசரவில்லை. நண்பர்களோடு சேர்ந்து தானே முதலிலிருந்து எழுதினார், பெயர் ‘ஹேக்’. அது எப்படியோ கடல் கடந்து ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரீஸ் ப்ரௌவர் என்ற கணித அறிஞரின் கைக்குச் சேர்ந்தது. அவர் விரிவாக்கி, 1984-ல் யூஸ்நெட் என்ற அந்தக் கால நெட்வொர்க் விவாதக் களத்தில் ஊருக்கே கொடுத்துவிட்டார். கொடுத்ததைப் பலர் திருத்தினார்கள். திருத்தங்களை மைக் ஸ்டீஃபன்சன் ஒன்றுதிரட்ட, 1987-ல் ‘நெட்ஹேக்’ வெளிவந்தது. நெட்வொர்க் வழியாகவே கூடி எழுதியதால் அந்தப் பெயர்.

நெட்ஹேக் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. உதாரணத்துக்கு ஒன்று. காக்கட்ரைஸ் என்ற சேவல்-பாம்புப் பிராணியை வெறுங்கையால் தொட்டால் கல்லாகிவிடுவீர்கள். கையுறை மாட்டிக்கொண்டால் அதன் பிணத்தையே ஆயுதமாக வீசி எதிரிகளைக் கல்லாக்கலாம். சரி, வென்றோம் என்று அளவுக்கு மீறிய சுமையோடு படியிறங்கினால், கால் இடறி, பிணத்தின் மேலேயே விழுந்து நீங்களே கல்லாவீர்கள். இதையும் யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதிவைத்திருக்கிறார்கள்! கணினியின் கடிகாரத்தைப் பார்த்து, பௌர்ணமி என்றால் அதிர்ஷ்டம் கூட்டும். 13-ம் தேதி வெள்ளிக்கிழமை என்றால் குறைக்கும். ராகுகாலம் மட்டும்தான் பாக்கி.

இந்த வம்சத்தை வளர்த்ததில் ‘இல்லை’ என்ற பதிலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கோனிக்கி ரோக்குக்கு அடிமை. வேறு துறைக்கு வேலை மாறினார். அங்கிருந்த கணினியில் ரோக் ஓடாது. ஏக்கம் தாளாமல் அவரே எழுதியது ‘மோரியா’, 1983. அதைப் பார்த்து இங்கிலாந்தில் வாரிக் பல்கலைக்கழக மாணவர்கள் 1990-ல் எழுதியது ‘ஆங்பாண்ட்’.

இந்தச் சமயத்தில் ரோக்கைப் பெற்றவர்கள் அதைக் காசாக்கப் பார்த்தார்கள். டாயும் ஜான் லேன் என்பவரும் கம்பெனி தொடங்கி ஐபிஎம் பிசிக்கு ரோக்கைக் கொண்டுவந்தார்கள்; எபிக்ஸ் நிறுவனம் விநியோகித்தது. விற்பனை படுத்துவிட்டது. காசில்லாமல் ஆடிப் பழகிய சரக்கைப் பெட்டியில் போட்டால் யார் வாங்குவார்கள்? அசல் கடையில் தூங்க, நகல்கள் ஊர் ஊராகத் திரிந்தன.

நகலின் நகலில்தான் பணம் கொட்டியது. கல்லூரிக் காலத்தில் மோரியாவையும் ஆங்பாண்டையும் ஆடித் தீர்த்தவர் டேவிட் ப்ரெவிக். தன் வீட்டுக்கருகே இருந்த டயாப்லோ மலையின் பெயரில் அதே பாணியில் ஒரு விளையாட்டைத் திட்டமிட்டார். நாம் ஓரடி வைத்தால் எதிரி ஓரடி வைக்கும் முறை, மூதாதையர் வழக்கப்படியே. பணம் போட்ட ப்ளிஸார்ட் நிறுவனத்தின் தரப்பு, இடைவெளியில்லாமல் ஓடும் ஆட்டமாக மாற்றச் சொன்னது. ப்ரெவிக் எதிர்த்தார். அலுவலகத்தில் வாக்கெடுப்பு, தோற்றார். ரொம்ப நாளாகும், கூடுதல் பணம் வேண்டும் என்று ப்ளிஸார்டிடம் சொல்லிவிட்டு, ஒரே பிற்பகலில் மாற்றி முடித்ததாக அவரே பின்னாளில் மேடையில் சொன்னார். மௌஸைத் தட்டியதும் எலும்புக்கூடு சரிந்து விழுந்ததைப் பார்த்து அவரே மனம் மாறினார். டயாப்லோ 1996 முடிந்து 1997 பிறக்கும் வேளையில் வெளியாகி உலகைச் சுற்றியது. மரணத்தின் கண்டிப்பு மட்டும் அதில் தளர்ந்துவிட்டது. அது 2000-ல் இரண்டாம் பாகத்தில் ‘ஹார்ட்கோர்’ என்ற விருப்பமுறையாகத் திரும்பியது.

ஜப்பானுக்குப் போன கிளை இன்னும் வேடிக்கை. சுன்சாஃப்ட் நிறுவனம் ரோக்கை எடுத்து, தான் உருவாக்கிய டிராகன் க்வெஸ்ட் விளையாட்டின் நான்காம் பாகத்துக் கதாபாத்திரம் ஒருவரை அதற்குள் இறக்கியது. அவர் வீரரும் அல்ல, மந்திரவாதியும் அல்ல; டொர்னெகோ என்ற தொப்பை வைத்த கடைக்காரர். நிலவறையில் கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து கடையை விரிவாக்குவதுதான் அவருடைய லட்சியம். 1993-ல் சூப்பர் ஃபாமிகாம் விளையாட்டுக் கருவியில் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து வந்த ‘ஷிரேன்’ நாடோடியின் கதை. அவர் பசிக்குத் தின்பது சோற்றுருண்டை. அந்த வழியில் 2005-ல் போக்கிமானும் நிலவறைக்குள் நுழைந்தது. ஜப்பானியர்கள் ரோக்கின் கொடூரத்தைக் குறைக்காமல் அதன் முகத்தை மட்டும் சிரிக்க வைத்தார்கள். அந்தச் சாமர்த்தியம் மேற்கே யாருக்கும் அவ்வளவு சுலபமாக வரவில்லை.

2008-ல் பெர்லினில் கூடிய ஆர்வலர்கள், எது அசல் ரோக் வாரிசு என்பதற்கு இலக்கணம் வகுத்தார்கள். அதே ஆண்டு டெரெக் யூ ‘ஸ்பெலங்கி’யை வெளியிட்டு அந்த இலக்கணத்தைக் காற்றில் பறக்கவிட்டார். மாரியோபோல ஓடிக் குதிக்கும் ஆட்டம். ஆனால் குகை ஒவ்வொரு முறையும் புதிது, செத்தால் செத்ததுதான். அதன் மூல நிரலையும் பின்னால் வெளியிட்டார். கதவு திறந்துவிட்டது. 2011-ல் ‘பைண்டிங் ஆஃப் ஐசக்’. 2012-ல் ஷாங்காயில் வேலையை விட்ட இருவர் விண்கலக் கதை ஒன்றுக்கு இணையத்தில் 10,000 டாலர் கேட்க, இரண்டு லட்சத்துக்கு மேல் குவிந்தது, அதுதான் ‘எஃப்டிஎல்’. பிறகு ‘ஸ்லே த ஸ்பயர்’ வந்து நிலவறையைச் சீட்டுக்கட்டாக மாற்றியது. 2024-ல் கனடாவைச் சேர்ந்த, பெயர் வெளியிடாத ஒருவர் போக்கர் சீட்டுகளை வைத்து எழுதிய பாலாட்ரோ ஒரே மாதத்தில் பத்து லட்சம் பிரதி விற்றது. ஐரோப்பியத் தர அமைப்பு அதைச் சூதாட்டம் என்று பார்த்து 18 வயது முத்திரை குத்தி, பிறகு 12-க்கு இறங்கி வந்தது.

புதியவற்றில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. செத்ததும் ஆறுதல் பரிசாகக் கொஞ்சம் வலிமை, கொஞ்சம் காசு தந்து அனுப்பும் வழக்கம் பெருகிவிட்டது. இருபதாவது முயற்சியில் ஜெயிப்பது நாமா, சேர்த்து வைத்த சலுகையா என்று தெரிவதில்லை. ஹேடஸை மட்டும் மன்னிப்பேன். அங்கே ஒவ்வொரு சாவும் கதையை ஒரு படி நகர்த்துகிறது. எஃப்டிஎல்லுக்கு என் ஓட்டு எப்போதும் உண்டு. தோற்கும்போது ஆட்டத்தின் மேல் பழிபோட அது இடமே தருவதில்லை.

கையில் ஆண்ட்ராய்டு போன் மட்டும்தான் இருக்கிறது என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒலெக் டோல்யா என்ற ரஷ்யர் 2012-ல் வெளியிட்ட ‘பிக்ஸல் டஞ்சன்’ ரோக்கின் நேர் வாரிசு. மூல நிரலை அவர் 2014-ல் திறந்துவிட, பலர் தத்தம் பதிப்புகளைச் செய்தார்கள். அவற்றில் எவன் டெபன்ஹாம் வளர்த்துவரும் ‘ஷாட்டர்ட் பிக்ஸல் டஞ்சன்’ மிகச் சிறந்தது. அதில் தொடங்குங்கள். விடைக்குறிப்புகளைத் தேடாதீர்கள், தெரியாத மருந்தைக் குடித்துச் சாவதில்தான் பாதிச் சுகம். பிறகு துணிச்சல் வந்தால் நெட்ஹேக். இன்றும் ஒரு காசு இல்லாமல் கிடைக்கிறது. அதன் அமைப்புகளில் உங்களுக்குப் பிடித்த பழத்தின் பெயரைக் கேட்கும் ஒரு வரி உண்டு. அது ரோக்கிலிருந்தே வருகிற வழக்கம். பூஞ்சை மாதிரியான ஏதோ ஒன்றின் பெயர் அதில் ஏற்கெனவே போட்டிருக்கும். மறக்காமல் அழித்துவிட்டுப் பலாப்பழம் என்று ஆங்கில எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.