கீரை கூடாது, தக்காளி வேண்டாம்... வீட்டில் ஒருவருக்குக் காய் கட்டுப்பாடா? நைட் டிபனுக்கு எல்லோருக்கும் ஒரே சமையல் செய்வது எப்படி?

"நைட்டுக்கு என்ன செய்யறது?" எல்லா வீட்டிலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வரும் கேள்விதான் இது. அந்த வீட்டில் ஒருவருக்கு டாக்டர் சில காய்களை நிறுத்தச் சொல்லியிருந்தால், கேள்வி இன்னும் கொஞ்சம் கஷ்டமாகிவிடும்.

அப்பாவுக்குக் கீரை கூடாது, அம்மாவுக்குக் கிட்னியில் கல், பாட்டிக்கு பொட்டாசியம் அதிகம் என்று சொல்லிச் சொல்லியே, கடைசியில் வீடு முழுக்க தினமும் இட்லிப் பொடியும் தயிரும்தான். இல்லையென்றால் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல், தனித் தட்டு. இரண்டுமே ரொம்ப நாள் ஓடாது.

யாருக்கு எந்தக் காய் ஆகாது, ஏன் ஆகாது, எதை வீணாகத் தவிர்க்கிறோம், வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட என்னென்ன செய்யலாம்? பார்ப்போம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையே சாப்பிடக்கூடாதா?

இங்கேதான் பெரிய குழப்பம். 'ரத்தம் கெட்டியாகாம இருக்கற மாத்திரை' என்று பொதுவாகச் சொல்வோம். ஆனால் அதில் பல வகை இருக்கிறது.

இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் கொடுப்பார்கள். நம் கல்லீரல் வைட்டமின் கே-யை வைத்துத்தான் ரத்தத்தை உறைய வைக்கும் பொருட்களைத் தயாரிக்கிறது. இந்த மருந்துகள் அந்த வேலையைத் தடுக்கின்றன. கீரையில் வைட்டமின் கே நிறைய இருப்பதால், திடீரென்று நிறையக் கீரை சாப்பிட்டால் மருந்தின் வேகம் குறையும்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இதற்கு நேர் எதிரானதும் ஆபத்துதான். வழக்கமாகக் கீரை சாப்பிட்டு வந்தவர் ஒரே நாளில் அதை அடியோடு நிறுத்தினால், மருந்தின் வேகம் கூடி, ரத்தக்கசிவு வரை போகலாம். அதனால் இவர்களுக்கான விதி 'கீரையே கூடாது' என்பதல்ல, 'வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு' என்பதுதான். ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தின் அளவை முடிவு செய்வார். பலருக்கு இந்த அளவு 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டும். சில வகை வால்வு பொருத்தியவர்களுக்கு இதைவிடக் கூடுதலாக வைப்பார்கள்.

கொத்தமல்லிச் சட்னியும் புதினாச் சட்னியும் கூட கீரைக் கணக்கில்தான் வரும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகளுக்கு இந்தக் கீரைக் கட்டுப்பாடு கிடையாது. அபிக்சபான், ரிவராக்சபான் போன்ற புதிய மருந்துகளுக்கும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு டாக்டர் சொன்னதைக் கேட்டு, தேவையே இல்லாமல் கீரையை விட்டவர்கள் நிறைய பேர். வீட்டில் இருக்கும் மாத்திரை எது என்று அட்டையில் பெயரைப் பாருங்கள், டாக்டரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கிட்னியில் கல் இருந்தால் தக்காளி கூடாதா?

அதிகமாக வருவது கால்சியம் ஆக்சலேட் கற்கள். இவற்றுக்குக் காரணமான ஆக்சலேட் பாலக்கீரையில் மிக அதிகம். முளைக்கீரை, தண்டுக்கீரை, பீட்ரூட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றிலும் அதிகம்.

ஊரே பயப்படும் தக்காளியில் ஆக்சலேட் குறைவுதான். தக்காளி விதைதான் உள்ளே போய்க் கல்லாகிறது என்பது வெறும் நம்பிக்கை. விதை குடலோடு போய்விடும், சிறுநீரகத்துக்குப் போக வழியே இல்லை.

இன்னொரு தவறு, கால்சியம் கல் என்றதும் பால், தயிரை நிறுத்துவது. தயிரில் உள்ள கால்சியம், கீரையில் உள்ள ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அது சிறுநீருக்குப் போவது குறையும். அதனால் சாப்பாட்டோடு தயிர், மோர் சேர்ப்பது நல்லதுதான்.

காயைவிட முக்கியம் தண்ணீரும் உப்பும். ஒரு நாளைக்கு 2 முதல் 2.5 லிட்டர் வரை சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். கல் எந்த வகை என்பது பரிசோதனையில் தெரிந்தால், எதைத் தவிர்ப்பது என்பதும் தெளிவாகிவிடும்.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு என்ன கட்டுப்பாடு?

இது கல் பிரச்சினையிலிருந்து முற்றிலும் வேறு. சிறுநீரகத்தின் வேலை குறையும்போது பொட்டாசியம் ரத்தத்திலேயே தங்கும். சாதாரணமாக லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லி ஈக்விவலன்ட் வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் ரொம்பவும் ஏறினால், இதயத் துடிப்பையே பாதிக்கும்.

உருளைக்கிழங்கு, சேனை, தக்காளி, கீரைகள், புளி, இளநீர், வாழைப்பழம் ஆகியவற்றில் பொட்டாசியம் அதிகம். சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், வெண்பூசணி, சௌசௌ, முட்டைக்கோஸ், வெள்ளரிக்காய் ஆகியவற்றில் ஒப்பீட்டளவில் குறைவு.

சமைக்கிற முறையும் முக்கியம். பொட்டாசியம் தண்ணீரில் கரையும். காயைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் ஒரு பகுதி போய்விடும். 'காய் வெந்த தண்ணியக் கொட்டாதே, சத்து போயிடும்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இவர்களுக்கு மட்டும் அது தலைகீழ். குக்கரில் வைத்து அதே தண்ணீரில் சாம்பார் செய்தால், பொட்டாசியம் எங்கேயும் போகாது, குழம்பில்தான் இருக்கும்.

கடைகளில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பெரும்பாலும் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்ந்திருக்கும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

அதே நேரம், சிறுநீரகப் பிரச்சினை என்றாலே எல்லோருக்கும் பொட்டாசியக் கட்டுப்பாடு என்று அர்த்தமில்லை. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் சொல்வார்கள். தேவையில்லாமல் காய்களை விட்டால் நார்ச்சத்து குறைந்து மலச்சிக்கல், சோர்வு என்று வேறு பிரச்சினைகள் வரும்.

தைராய்டு இருந்தால் கோஸ், காலிஃபிளவர்?

பச்சையாக நிறைய சாப்பிட்டால்தான் கவலை. வேகவைத்தால் தைராய்டைத் தொந்தரவு செய்யும் பொருட்கள் பெருமளவு குறையும். அயோடின் உப்பு பயன்படுத்தும் வீட்டில், சமைத்த கோஸ் பொரியலை அளவாகச் சாப்பிடப் பெரும்பாலானோர் பயப்படத் தேவையில்லை.

வெங்காயம், பூண்டு சேராதவர்களுக்கு?

சிலருக்கு வெங்காயம், பூண்டு சாப்பிட்டதும் வயிறு உப்பும், வலிக்கும். இவற்றில் உள்ள ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து அவர்களுக்குச் செரிப்பதில்லை. இது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் பூண்டை எண்ணெயில் வதக்கி, பூண்டை மட்டும் எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை கிடைக்கும், தொந்தரவு வராது. குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டு எடுத்தால் இந்த வித்தை பலிக்காது.

புதுசா எதுவும் தேட வேண்டாம்

காய்களைத் தவிர்த்துச் சமைப்பது நமக்குப் புதிதல்ல. பல வீடுகளில் திவசச் சமையலில் வெங்காயம், பூண்டு மட்டுமல்ல, உருளைக்கிழங்கு, கோஸ், கேரட் போன்ற 'இங்கிலீஷ் காய்' எதுவுமே சேர்ப்பதில்லை. மிளகு, சீரகம், தேங்காய் வைத்தே முழு விருந்து தயாராகிறது. அந்தக் கைப்பக்குவத்தை நைட் டிபனுக்குக் கொண்டு வந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வாரத்துக்கு 5 நைட் டிபன்

1. சுரைக்காய் அடை: அரிசி, பருப்பு வகைகளை ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்து, துருவிய சுரைக்காய் சேர்த்து அடை சுடலாம். வெங்காயம் தேவையில்லை. சுரைக்காயை நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். கசக்கும் சுரைக்காய் விஷம், கடும் வாந்தியில் கொண்டுபோய் விடும்.

2. சேவை, வெண்பூசணி மோர்க்குழம்பு: தக்காளி, புளி, வெங்காயம் எதுவும் இல்லாத குழம்பு. கல் பிரச்சினை உள்ளவர்களுக்குத் தயிரும் சேர்ந்துவிடுகிறது. சிறுநீரக நோயாளிகளுக்குப் பூசணியைத் தனியாக வேகவைத்து வடித்துச் சேர்க்கலாம். மோரின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

3. சப்பாத்தி, புடலங்காய்க் கூட்டு: பாசிப்பருப்பை வேகவைத்து, மிளகு, சீரகம், தேங்காய் அரைத்துவிட்டால் போதும். குழந்தைகளுக்குக் கூட்டில் ஒரு ஸ்பூன் நெய் விட்டுக் கொடுங்கள், புடலங்காய் என்று தெரியாமலே சாப்பிடுவார்கள்.

4. தோசை, பீர்க்கங்காய்த் தோல் துவையல்: சதையைக் கூட்டுக்கு எடுத்துக்கொண்டு, தோலை உளுந்தம்பருப்பு, மிளகாயோடு வதக்கி அரைத்தால் துவையல். ஒரு காயில் இரண்டு வேளைக்கு ஆச்சு.

5. உப்புமாக் கொழுக்கட்டை, வெள்ளரிக்காய்ப் பச்சடி: அரிசி ரவையில் கடுகு, கடலைப்பருப்பு, தேங்காய் தாளித்து, உப்புமா கிளறி, பிடித்து ஆவியில் வேகவைக்கலாம். காயே தேவையில்லாத டிபன் இது.

ரசம் வேண்டும் என்றால் தக்காளி இல்லாமல் மிளகு ரசமோ, கடைசியில் இறக்கி வைத்து எலுமிச்சை பிழிந்த ரசமோ வைக்கலாம்.

ஒரே சமையல், இரண்டு பாத்திரம்

தனிச் சமையல் வேண்டாம், பிரிக்கும் நேரம்தான் முக்கியம். பருப்பும் பொதுவான காயும் வெந்ததும், தக்காளி, கீரை போன்ற 'ஆகாத' பொருளைப் போடுவதற்கு முன்பே ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வையுங்கள். இரண்டுக்கும் ஒரே தாளிப்பு. ஒரே வாசனை வரும்போது, தட்டு வேறு என்கிற நினைப்பு அவருக்கு வராது.

வீட்டில் ஒருவருக்குக் கீரை கட்டுப்பாடு என்பதற்காகக் குழந்தைகளுக்கும் நிறுத்திவிடக் கூடாது. அவர்களுக்கு மதியச் சாப்பாட்டில் கீரை கொடுத்துவிட்டு, இரவுச் சமையலைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

- எந்தக் காய்? ('கீரை' என்று பொதுவாகச் சொன்னால், எந்தக் கீரை என்று கேளுங்கள்)
- அடியோடு நிறுத்தணுமா, குறைச்சா போதுமா?
- வேகவைத்து வடித்தால் சாப்பிடலாமா?
- எவ்வளவு நாளைக்கு?

கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது கொடுத்த சீட்டை வருஷக் கணக்கில் கடைப்பிடிக்கும் வீடுகள் உண்டு. மருந்து மாறியிருக்கும், பரிசோதனை முடிவு சரியாகியிருக்கும், காய் மட்டும் திரும்பி வந்திருக்காது.

சர்க்கரை நோயும் சிறுநீரகப் பிரச்சினையும் சேர்ந்து இருப்பவர்களுக்கு, ஒரு பட்டியலில் 'நல்லது' என்று இருப்பது இன்னொன்றில் 'கூடாது' என்று இருக்கும். அவர்கள் உணவியல் நிபுணரைப் பார்ப்பது நல்லது. சித்த மருந்து சாப்பிடுபவர்களுக்கு அகத்திக்கீரை, பாகற்காய் கூடாது என்று பத்தியம் சொல்வது வழக்கம். அதையும் மருந்து கொடுத்தவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரையில் உள்ளவை பொதுவான தகவல்கள் மட்டுமே. மாத்திரையையோ, சாப்பாட்டையோ மாற்றுவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்டு வந்த பதிலை ஒரு தாளில் எழுதி சமையலறைக் கதவில் ஒட்டி வைத்தால், யார் சமைத்தாலும் குழப்பம் வராது.