பவுல் பெயரில் கோயில், அதற்குள் ஒரு சுவர்

கிறித்தவத்தில்தான் சாதி இல்லையே, அப்புறம் என்ன தலித் கிறித்தவர்? லாஸ்பேட்டையில் மாணவர்களோடு பேசும்போதெல்லாம் நம்மிடம் இந்தக் கேள்வி வருகிறது. பதில் நம் ஊர் வரலாற்றிலேயே இருக்கிறது. ஆனால் கிரேக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய கிரேக்கர்கள் தங்கள் மொழி பேசாதவர்களை ‘பார்பரோஸ்’ என்றார்கள். அடுத்தவர் பேச்சு அவர்கள் காதில் ‘பர் பர்’ என்று விழுந்ததாம். மொழிக் கேலியாகத் தொடங்கியது பிறப்பு இழிவாக மாறியது. பார்பரோசும் அடிமையும் இயல்பிலேயே ஒன்று என்று எழுதியவர் அரிஸ்டாட்டில். (அந்த யவனர்களையே மிலேச்சர் பட்டியலில் வைத்த வடமொழி நூல்களும் உண்டு. அது தனிக்கதை.)

இந்தக் கிரேக்க உலகத்துக்குத்தான் பவுல் கடிதம் எழுதினார். கிறிஸ்துவுக்குள் யூதர், கிரேக்கர், அடிமை, சுதந்திரர் என்ற பேதம் இல்லை என்று கலாத்தியருக்குச் சொன்னார். அந்தக் காலத்தில் அது பெரிய வார்த்தை. ஆனால் ஒனேசிம் என்ற அடிமையைச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி கடிதம் கொடுத்து, எஜமான் பிலமோனிடமே திருப்பி அனுப்பியவரும் அவர்தான். அடிமைமுறையே கூடாது என்று அவர் சொல்லவில்லை.

இந்த இடைவெளி புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்தது. இயேசு சபைச் சாமியார்கள் சாதி வழக்கத்தை அனுசரித்தே மதம் பரப்பினார்கள். நோயுற்ற பறையர்களின் வீட்டுக்குள் போய் அருட்சாதனம் கொடுங்கள் என்று 1704இல் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் இங்கிருந்து ஆணையே போட வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1745 அக்டோபரில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சம்பா கோயிலில் பறையர் ஒருபுறம், சாதிக் கிறித்தவர் மறுபுறமாக நிற்க நடுவே சுவர். ‘சம்பா’ என்பது சான் பவுல், அதே பவுல்தான்! பறைச்சேரி கிறித்தவர்கள் திரண்டு போய், நாங்களும் சீடர்கள்தானே, எதற்கு இந்தப் பிரிவினை என்று மூத்த சாமியாரிடம் கேட்டார்கள். அவர் சுவரை இடிக்கச் செய்தார். சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். காரைக்கால் சாமியார்தான் தூண்டிவிட்டார் என்பது பிள்ளையின் கணக்கு. நம் மக்கள் கேள்வி கேட்டாலே பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று தேடுவது அன்றைக்கே இருந்திருக்கிறது.

இன்றைய நிலை என்ன? 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியர், 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். மதம் மாறிய தலித் கிறித்தவர் இன்னும் வெளியேதான். கிறித்தவத்தில் சாதி இல்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை 2022இல்தான் அமைத்தார்கள்.

நாட்குறிப்பு தமிழில் அச்சில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வருமுன் 1745 அக்டோபர் பக்கங்களைப் படித்துவிட்டு வாருங்கள், தோழர்களே.