கால் நகமும் குளோரோஃபார்மும்: சிறு அறுவை மரணங்கள் குறித்த ஒரு நீண்ட வாதம்

1848 ஜனவரி 28 அன்று, வட இங்கிலாந்தில் நியூகாசிலுக்கு அருகேயுள்ள வின்லாட்டனில், ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமிக்குக் கால் நகம் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு தேக்கரண்டி குளோரோஃபார்மைத் துணியில் விட்டு மூக்கருகே பிடித்தார்கள். சில நிமிடங்களில் உயிர் போயிற்று. முந்தைய ஆண்டு அவளுக்கு இன்னொரு நகத்தை ஈதர் கொடுத்து எடுத்திருந்தார்கள். அப்போது ஆபத்து எதுவும் நேரவில்லை. குளோரோஃபார்மின் மயக்கும் ஆற்றலை எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் கண்டறிந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

குளோரோஃபார்ம் மரணங்களில் முதலில் பதிவானது இதுதான். சிம்ப்சன் மருந்தின் மேல் பழி விழ விடவில்லை. மயங்கியவளைத் தேற்ற வாயில் ஊற்றிய தண்ணீரும் பிராந்தியும்தான் மூச்சை அடைத்தன என்றார். லண்டனில் ஜான் ஸ்னோ வேறுவிதமாகக் கணக்குப் போட்டார். துணியில் ஊற்றிப் பிடித்தால் மூச்சுக்காற்றில் எவ்வளவு ஆவி கலக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அடர்த்தி ஏறினால் இதயம் நின்றுவிடும் என்றார். அடர்த்தியைக் கட்டுப்படுத்த அவர் தனிக் கருவியே செய்துவைத்திருந்தார். அவர் இறந்த 1858இல் வெளிவந்த நூலில் 50 குளோரோஃபார்ம் மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்திருக்கிறார். அந்தப் பட்டியலைப் படிப்பவரை உறுத்துவது ஒன்று: பல் பிடுங்குவது, நகம் எடுப்பது போன்ற சில்லறை வேலைகள் அதில் நிறைய. காலையே வெட்டி எடுக்கும் அறுவையில் பிழைத்தவர்கள் இருக்க, இதில் ஏன் சாக வேண்டும்?

இதற்கு விடை கிடைக்கத் தாமதமானதற்கு, என் கணிப்பில், கேள்வி வேறு பக்கம் திரும்பியதே காரணம். மயக்கம் கொடுப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்? நாடியை என்றது லண்டன். மூச்சை மட்டும் பார்த்தால் போதும் என்றது எடின்பரோ. எடின்பரோவில் ஜேம்ஸ் சைமிடம் பயின்ற எட்வர்ட் லாரி ஹைதராபாத் மருத்துவப் பள்ளியின் தலைவராக வந்தபோது வாதம் தக்காணத்துக்கு இடம்பெயர்ந்தது. நிஜாம் மஹபூப் அலி கான் ஆதரவில் 1888இல் முதல் ஆணையம் நாய்களைக் கொண்டு சோதனை நடத்தியது. மூச்சு நின்ற பிறகுதான் இதயம் நிற்கிறது என்று அது முடிவு சொன்னது. லண்டனின் ‘லான்செட்’ இதழ் அதை ஏற்கவில்லை. நிஜாம் 1,000 பவுண்டு கொடுத்து, நீங்களே ஆள் அனுப்பிப் பாருங்கள் என்றார். வந்தவர் லாடர் பிரன்டன், இதயத்தைப் பற்றிய அச்சத்தோடு கப்பல் ஏறியவர். 1889இல் நடந்த இரண்டாம் ஆணையத்தின் சோதனைகளுக்குப் பிறகு அவரும் லாரி பக்கம் சாய்ந்தார்.

ஆனால் மேசையில் சாவுகள் நிற்கவில்லை. 1893இல் கேம்பிரிட்ஜில் காஸ்கெல், ஷோர் இருவரும் குளோரோஃபார்ம் இதயத்தையே நேரடியாகத் தளர்த்துகிறது என்று காட்டினார்கள். ஹைதராபாத்தில் பார்த்தது பொய்யல்ல. மருந்தைத் தொடர்ந்து ஏற்றிக்கொண்டே போனால் முதலில் நிற்பது பெரும்பாலும் மூச்சுதான். மனிதர்கள் செத்தது வேறு கட்டத்தில் என்பதே சிக்கல்.

அந்தக் கட்டத்தை 1911இல் கண்டுபிடித்தவர் குட்மன் லெவி. பூனைகளுக்குக் குளோரோஃபார்மைக் குறைவாகக் கொடுத்து, அந்த அரைமயக்கத்தில் அட்ரினலினைச் செலுத்தினார். இதயத்தின் கீழறைகள் தாளம் தப்பி வெறுமனே துடிதுடித்து, ரத்தத்தைத் தள்ள முடியாமல் நின்றன. ஆழ்ந்த மயக்கத்தில் இந்த ஆபத்து தணிந்திருந்தது. சிறு வேலைதானே, கொஞ்சம் கொடுத்தால் போதும் என்று கை இறுக்கியதுதான் நோயாளியை ஆபத்தான அந்த அரைமயக்கத்தில் நிறுத்தியது. நாடியையோ மூச்சையோ பார்த்துக்கொண்டிருந்தவருக்கு முன்னறிவிப்பு எதுவும் கிடைத்திருக்காது.

பயந்தால் உடலே அட்ரினலினைச் சுரக்கும். லெவியைப் படித்துவிட்டு வின்லாட்டன் மரண விசாரணைச் சாட்சியங்களுக்குத் திரும்பினால், அறுபது ஆண்டுகள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு செய்தி கண்ணில் படுகிறது. அறுவையை நினைத்து ஹன்னா மிகவும் அஞ்சியிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபோது அழுதுகொண்டிருந்தாள்.