வணிகக் குறுஞ்செய்தியும் தமிழ் எழுத்தும்: தருமபுரி மாவட்டத்தை முன்வைத்து ஒரு வரலாறு

நிறுவனங்கள், வங்கிகள், அரசுத் துறைகள் ஆகியவை தம் வாடிக்கையாளர்களின் கைப்பேசிகளுக்கு மொத்தமாக அனுப்பும் எழுத்துச் செய்தி வணிகக் குறுஞ்செய்தி எனப்படும். கடைத்தெருவில் இதற்கு 'பல்க் எஸ்.எம்.எஸ்.' என்று பெயர். நகைக் கடையின் அட்சய திருதியை அழைப்பு, வங்கிக் கணக்கில் பணம் ஏறியதற்கான அறிவிப்பு, ஓடிபி எண், மின்கட்டண நினைவூட்டல் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும்.

இதன் வரலாற்றைப் பெருநகரத்திலிருந்து எழுதினால் தொழில்நுட்பத்தின் வளர்ச்சிக் கதையாக அமையும். தருமபுரியிலிருந்து எழுதும்போது வேறொரு கேள்வி முன்னே வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் 15,06,843 பேர் வாழ்ந்தனர், எழுத்தறிவு 68.54 விழுக்காடு. அன்றைய தமிழக மாவட்டங்களில் இதுவே கடைசி இடம். எழுத்தாலேயே இயங்கும் ஓர் ஊடகம், எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டத்திற்குள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் நுழைந்தது. அது ஏன் அப்படி ஆனது என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு.

160 எழுத்தும் 70 எழுத்தும்

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் வோடபோன் வலையமைப்பில் அனுப்பப்பட்டது. பொறியாளர் நீல் பாப்வொர்த் கணினியிலிருந்து அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து அது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட்டு போதும் என்று வகுத்ததால் அதில் 160 எழுத்துகள் அடங்கின. இந்த 7 பிட்டு அட்டவணையில் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றின் எழுத்துகளும் கிரேக்கப் பேரெழுத்துகள் சிலவும் இருந்தன. தமிழ் இல்லை. அட்டவணையில் இல்லாத மொழியை அனுப்ப எழுத்துக்கு 16 பிட்டு தேவை. அப்போது ஒரு செய்தியில் 70 இடங்களே கிடைக்கும்.

அந்த 70 இடங்களும் தமிழுக்கு முழுமையாகப் பயன்படுவதில்லை. யூனிகோடு முறையில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஓர் இடம், உயிர்மெய்யின் துணைக்குறிக்கு ஓர் இடம் என்று தனித்தனியே செலவாகும். 'தருமபுரி' என்ற பெயரில் கண்ணுக்குத் தெரிபவை 5 எழுத்துகள். செய்தியில் அவை 8 இடங்களை எடுத்துக்கொள்ளும். இன்னொரு எடுத்துக்காட்டைப் பார்க்கலாம்: 'உங்கள் நகைக் கடன் தவணை நாளை முடிகிறது. வட்டி செலுத்தி நீட்டிக்கவும்.' இடைவெளிகளையும் முற்றுப்புள்ளிகளையும் சேர்த்து எண்ணினால் 68 இடங்கள். எந்தக் கடை, எவ்வளவு தொகை, எந்தத் தேதி என்று சொல்ல மீதமிருப்பது 2 இடம். அவற்றைச் சேர்த்தால் செய்தி இரண்டாக உடையும். உடைந்த துண்டுகளை மீண்டும் ஒட்டுவதற்கான குறிப்பும் இடம் பிடிப்பதால், ஒவ்வொரு துண்டிலும் 67 இடங்களே எஞ்சும். கட்டணம் இரட்டிப்பாகும். ஒரு செய்திக்கு ஆகும் செலவு சில பைசாதான் என்றாலும், இலட்சக்கணக்கில் அனுப்பும் நிறுவனத்திற்கு அதுவே பெரும் தொகை. கணக்காளர் எடுக்கும் முடிவு ஆங்கிலம், அல்லது ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்.

இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா, ஒண்டுராஸ் போன்ற நாடுகளில் வழங்கும் ஸ்பானிய மொழிக்கும் இது உண்டு. 7 பிட்டு அட்டவணையில் ஸ்பானியத்தின் சில அழுத்தக் குறி எழுத்துகள் உள்ளன, சில இல்லை. இல்லாத ஒன்று சொல்லில் வந்துவிட்டால் செய்தி முழுவதும் 70 இடக் கணக்கிற்கு மாறிவிடும். ஆகவே அழுத்தக் குறியை விட்டுவிட்டு எழுதுகிறார்கள். ஸ்பானியம் படிப்பவர் குறி இல்லாமலும் புரிந்துகொள்வார். தமிழ் மட்டும் அறிந்தவருக்குத் தமிழெழுத்தை விட்டுவிட்டால் எதுவும் மிஞ்சாது.

அனுப்புபவர் செலவைத் தாங்கினாலும் கருவி தடையாக இருந்தது. திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை இயங்கியது. உலகச் சந்தைக்கான கைப்பேசிகள் தமிழகத்தில் உருவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மலிவுக் கைப்பேசிகள் பலவற்றில் தமிழ்ச் செய்தி வெறும் கட்டங்களாகவே தெரிந்தது. ஆண்ட்ராய்டின் முதற்பதிப்புகளிலும் இதே நிலைதான். எல்லாக் கைப்பேசிகளிலும் இந்திய மொழிச் செய்திகளைப் படிக்க முடிய வேண்டும் என்ற இந்தியத் தர நிர்ணயம் 2016-இல்தான் வந்தது. தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கு 7 பிட்டு அட்டவணையை உலகத் தர அமைப்பு ஏற்கெனவே வகுத்திருந்தது. வலையமைப்பு, கைப்பேசி இரண்டும் ஒருசேர ஏற்றால்தான் அது பயன்படும் என்பதால் பரவவில்லை.

தந்தி என்னும் முன்னோடி

எழுத்துக்குக் காசு என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. தந்தியில் சொல்லுக்குச் சொல் கட்டணம் இருந்தது. திருமணத்திற்கும் பண்டிகைக்கும் அனுப்பும் வாழ்த்துத் தந்திகளுக்கு அஞ்சல் தந்தித் துறை வாசகங்களை முன்கூட்டியே எழுதி எண்ணிட்டு வைத்திருந்தது. எண்ணைச் சொன்னால் வாசகம் போய்ச் சேரும். 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. ஆனால் முன்பே பதிவான வாசகத்தை மட்டும் அனுப்பும் அந்த வழக்கம், சில ஆண்டுகளிலேயே வேறு வடிவில் திரும்பி வந்தது.

தொல்லையும் கட்டுப்பாடும்

2000-க்குப் பிறகு கைப்பேசி சிற்றூர்களுக்குப் பரவியபோது விளம்பரச் செய்தியும் கூடவே வந்தது. கடைகள் அச்சடித்து வீடுவீடாகப் போட்ட நோட்டீசுக்கும், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் செய்த விளம்பரத்திற்கும் பக்கத்தில் இது இடம் பிடித்தது. நோட்டீசை வாங்காமல் நகர்ந்துவிடலாம். கைப்பேசிக்கு வருவதைத் தடுக்க வழியில்லை. 2007-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், வேண்டாதோர் பட்டியலுக்கு விதி செய்தது. 2010 டிசம்பரில் வெளியாகி 2011 செப்டம்பர் 27 முதல் நடப்புக்கு வந்த விதிகள் இன்னும் கடுமையானவை. இரவு 9 முதல் காலை 9 வரை விளம்பரச் செய்தி கூடாது. 1909 என்ற எண்ணில் மறுப்பைப் பதியலாம். ஒரு சிம்மிலிருந்து நாளொன்றுக்கு 100 செய்தி என்ற வரம்பும் அப்போது வந்து, விரைவில் 200 ஆக உயர்த்தப்பட்டது. 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தவரைப் பற்றிய வதந்தி பரவி அவர்கள் தென்னக நகரங்களை விட்டு வெளியேறியபோது, நாடெங்கும் சில நாள் மொத்தச் செய்திகள் தடுக்கப்பட்டன.

விளம்பரமாக இருந்தது சான்றாக மாறியது

இவ்வரலாற்றில் முதன்மையான திருப்பம் வங்கிகளாலும் அரசாலும் நேர்ந்தது. இணையவழி அட்டைப் பரிமாற்றத்திற்குக் கூடுதல் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு முதல் கட்டாயமாக்கியது. ஓடிபி எண் பரவ அது வழி செய்தது. வங்கிகள் செய்தி அறிவிப்புக்கு வாடிக்கையாளரிடமே கட்டணம் பிடித்தன. அதை உண்மையான பயன்பாட்டின்படி மட்டுமே வாங்க வேண்டும் என்று 2013-இல் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. அதாவது, படிக்க முடியாத செய்திக்கும் பெறுபவரே பணம் கட்டினார்.

தமிழ்நாட்டில் 2017 ஏப்ரலில் மின்னணுக் குடும்ப அட்டை வந்தபின், நியாய விலைக் கடையில் விற்பனை பதிவானவுடன் அட்டைதாரரின் கைப்பேசிக்குச் செய்தி வரத் தொடங்கியது. வாங்காத பொருளை வாங்கியதாகச் செய்தி வந்தது என்ற புகார்கள் பல ஊர்களில் எழுந்தன. முன்பு கடைப் பதிவேட்டுக்குள் மறைந்திருந்திருக்கக்கூடிய கணக்கு இப்போது அட்டைதாரரின் கைக்கே வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் கிலோ கணக்கின் எண்ணைப் படிப்பார். குறுஞ்செய்தியின் பயனுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வேளாண்மையிலும் ஒரு முயற்சி நடந்தது. 2013 ஜூலை 16 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கிவைத்த எம்-கிசான் தளத்தின் வழியே, வேளாண் அறிவியல் நிலையங்கள் உழவர்களுக்கு மாநில மொழியில் செய்தி அனுப்பலாம். தருமபுரி மாவட்டத்திற்கான நிலையம் பாப்பாரப்பட்டியில் உள்ளது. இதற்கு முன்பே, 2007-இல் இஃப்கோவும் ஏர்டெல்லும் சேர்ந்து எழுத்தைத் தவிர்த்துக் குரல்வழிச் செய்திகளை உழவர்களுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தன. தேனி மாவட்டத்தில் 'விடியல்' அமைப்பைச் சேர்ந்த பெண்கள் ஆடு வளர்ப்புப் பாடங்களைக் கைப்பேசியில் குரலாகவே கேட்டுக் கற்றனர். தருமபுரி போன்ற மாவட்டத்திற்குக் குரல் செய்தியே பொருத்தம் என்பது அப்போதே தெரிந்திருந்தது. ஆனால் வங்கியும் கடையும் எழுத்தையே பிடித்துக்கொண்டன. எழுத்து மலிவு, சான்றாகவும் நிற்கும்.

பதிவான வாசகம்

2018 ஜூலை 19 அன்று டிராய் வெளியிட்ட விதிகள், டி.எல்.டி. எனப்படும் பகிர்ந்த பேரேட்டு முறையைக் கொண்டுவந்தன. அனுப்பும் நிறுவனம், அதன் தலைப்புப் பெயர், செய்தியின் வாசகம் மூன்றையும் முன்கூட்டியே பதிய வேண்டும். பெயர், தொகை, தேதி போன்ற மாறும் இடங்களை மட்டும் காலியாக விடலாம். பதிவான வாசகத்தோடு ஒத்துப்போகாத செய்தியை வலையமைப்பே தடுக்கும். 2021 மார்ச் 8 அன்று இந்தச் சோதனை நடப்புக்கு வந்ததும் நாடெங்கும் ஓடிபி எண்கள் வராமல் பரிமாற்றங்கள் நின்றன. பல நிறுவனங்கள் வாசகத்தைச் சரியாகப் பதியாததே காரணம். மறுநாளே டிராய் அதை ஒரு வாரம் நிறுத்திவைத்தது.

பெரு நிறுவனத்திற்கு இப்பதிவு ஒரு நாள் வேலை. பாலக்கோட்டில் தக்காளி மண்டி நடத்துபவரோ அரூரில் துணிக்கடை வைத்திருப்பவரோ சான்றிதழ்களோடு பதிந்து, தமிழ் வாசகத்தைத் தனியாகப் பதிந்து, ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்குவது அவருக்கு எளிது. அங்கே தமிழ் எழுத்துக்குக் கூடுதல் காசும் இல்லை.

மோசடி பெருகியபோது அனுப்புநர் பெயரே அடையாளமானது. 2022-இல், 'மின்கட்டணம் செலுத்தாததால் இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும்' என்ற பொருளில் போலிச் செய்திகள் பரவின. அவை சாதாரணப் பத்து இலக்க எண்களிலிருந்து வந்தன. உண்மையான நிறுவனச் செய்தி பதிவான தலைப்புப் பெயரோடு வரும். அதன் முன்னால் நிற்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளில் முதலாவது வலையமைப்பையும் இரண்டாவது தொலைத்தொடர்பு வட்டத்தையும் குறிக்கும்: ஏ, டி என்றால் ஏர்டெல், டெல்லி. 2025 முதல் பெயரின் முடிவிலும் ஓர் எழுத்து சேர்ந்தது: விளம்பரத்திற்கு பி, சேவைக்கு எஸ், பரிமாற்றத்திற்கு டி, அரசுச் செய்திக்கு ஜி. செய்தியின் உடல் தமிழில் இருந்தாலும், அதை நம்பலாமா என்று காட்டும் இந்த அடையாள எழுத்துகள் அனைத்தும் ஆங்கிலத்திலேயே உள்ளன.