60 பைட் இடமும் 32 வருடப் பிழையும்



செல்போனை எப்படி ஹேக் செய்வார்கள் என்று கேட்டால் நம்மில் பலரும் சொல்லும் பதில், "கண்ட லிங்க்கையும் அழுத்தினால் மாட்டிக்கொள்வோம்" என்பதுதான். அது பாதி உண்மை. நாம் எதையும் அழுத்தாமலே, காற்று வழியாகவே போனுக்குள் நுழைய முடியும் என்று 2020-ல் ஒருவர் நிரூபித்தார். அவர் பயன்படுத்திக்கொண்டது புதுவகைப் பிழை ஒன்றும் இல்லை. அது 1988-லேயே உலகத்தைக் கலக்கிய அதே வகைப் பிழை!

முதலில் 1988-க்குப் போவோம். அந்த வருடம் நவம்பர் 2 அன்று, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் ஒரு நிரலை இணையத்தில் அவிழ்த்துவிட்டார். தானாகவே கணினி விட்டுக் கணினி தாவும் புழு அது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, யூனிக்ஸ் கணினிகளில் இருந்த 'ஃபிங்கர்' என்ற சேவை. வெளியிலிருந்து வரும் கேள்வியை வாங்கி வைக்க ஃபிங்கர் ஒதுக்கிய இடம் 512 பைட். புழு அனுப்பியதோ 536 பைட். வந்ததை அளந்து பார்க்காமல் அப்படியே கொட்டிக்கொண்டது ஃபிங்கர். அன்று இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 பாதிக்கப்பட்டதாக ஒரு மதிப்பீடு உண்டு.

ஆழாக்கில் ஒரு படி அரிசியைக் கொட்டினால் என்ன ஆகும்? மிச்சம் பக்கத்தில் இருக்கும் பாத்திரத்தில் விழும். கணினி நினைவகத்திலும் அதேதான். வழிந்த தகவல் பக்கத்து இடத்தில் இருப்பதை அழித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். "அடுத்து எந்தக் கட்டளைக்குப் போக வேண்டும்" என்ற முகவரி அந்தப் பக்கத்து இடத்தில் இருந்தால், அதை அனுப்பியவர் தன் இஷ்டப்படி மாற்றிவிடலாம். அப்புறம் அந்தக் கணினி அவர் சொன்னபடி ஆடும்.

1988-க்குப் பிறகு உலகம் சும்மா இருக்கவில்லை. வழிந்தால் காட்டிக்கொடுக்கும் காவல் மதிப்புகள், நினைவக முகவரிகளைக் கலைத்துப் போடும் உத்திகள் என்று வேலி மேல் வேலி போட்டார்கள். ஆனால் அளக்காமல் கொட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை. சி, சி++ மொழிகளில் அளந்து பார்க்கும் பொறுப்பு நிரல் எழுதுபவருடையது. ஒரே ஒரு இடத்தில் மறந்தாலும் போச்சு.

இதற்குள் கணினி நம் சட்டைப் பைக்கு வந்துவிட்டது. 2017-ல் 'பிராட்ப்வன்' என்ற பிழை வெளியானது. பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சில்லுக்குள் இருந்த மென்பொருளிலேயே இதே வழிதல். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுமே அந்தச் சில்லுகளைப் பயன்படுத்தின.

சரி, இப்போது 2020-க்கு வருவோம். ஏர்டிராப் மூலம் படம் அனுப்பும்போது இரண்டு ஐபோன்கள் நேரடியாகப் பேசிக்கொள்ள உதவுவது ஏ.டபிள்யூ.டி.எல். என்ற நெறிமுறை. அதைக் கையாளும் நிரல் கெர்னலிலேயே, அதாவது இயங்குதளத்தின் இதயத்திலேயே ஓடுகிறது. கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த இயன் பியர் அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். பக்கத்துக் கருவிகளின் முகவரிகளை எழுதி வைக்க அங்கே ஒதுக்கிய இடம் 60 பைட். முகவரி ஒன்றுக்கு 6 பைட் வீதம் பத்து முகவரிகள். அதைவிட நீளமாக அனுப்பினாலும் நிரல் மறுக்காமல் வாங்கிக்கொண்டது!

அந்த நெறிமுறை உறங்கிக் கிடந்தால்? அதற்கும் வழி இருந்தது. தெரிந்தவர் அழைக்கிறாரா என்று பார்க்க, போன் 2 பைட் அடையாளத்தை மட்டுமே ஒப்பிட்டது. மொத்தமே 65,536 சாத்தியங்கள். ஒவ்வொன்றாக முயன்றால் ஏதாவது ஒரு நண்பரோடு பொருந்திவிடும், நெறிமுறையும் விழித்துக்கொள்ளும்.

புது வேலிகளையெல்லாம் தாண்ட அவருக்கு ஆறு மாதம் பிடித்தது. கடைசியில் ஒரு ராஸ்பெரி பை, இரண்டு வைஃபை கருவிகள் ஆகியவற்றைக் கொண்டு ஐபோன் 11 புரோவிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். 2020 டிசம்பரில் முழு விவரத்தையும் வெளியிட்டார். ஆப்பிள் அந்த ஓட்டையை அதே வருடம் மே மாதத்துக்கு முன்பே அடைத்துவிட்டது. யாரும் இதைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் பியர் சொன்னார்.

"ஆறு மாதம் மெனக்கெட்டு என் போனை யார் உடைக்கப் போகிறார்கள்?" என்று தோன்றலாம். தனி ஆள் ஒருவரால் ஆறு மாதத்தில் முடிகிறது என்றால், பணமும் கூட்டமும் உள்ளவர்களால் முடியாதா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இதில் பயனரின் ஜாக்கிரதைக்கு இடமே இல்லை என்பதுதான் கவலையான விஷயம். காற்றுக்குக் கதவு கிடையாது. நம்மைக் காப்பாற்றுவது இரண்டே விஷயங்கள்தான்: நிரல் எழுதுபவர் போடும் ஒரு வரிச் சோதனை, அவர் மறந்தால் பின்னால் வரும் அப்டேட். முதலாவது நம் கையில் இல்லை. ஆகவே நண்பர்களே, அப்டேட் வந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். நம்மில் நிரல் எழுதப் போகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வெளியிலிருந்து வருவது எதுவானாலும், அளந்து பார்த்து உள்ளே விடுங்கள்!